வள்ளத்து இன்ஜினில் எக்ஸாஸ்ட் பேக்கிங் மாற்றுவது எப்படி?

விடியற்காலை உவரிக் கரையில் நின்று காது கொடுத்தால், இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த வள்ளம் இறங்குகிறது என்று சொல்லிவிடுவார்கள். வழக்கமாக ஒரே தாளத்தில் ஓடும் இன்ஜினில் ஒரு நாள் ‘டிக்கு டிக்கு’ என்று கூடுதலாக ஒரு சத்தம் சேரும். ஆக்ஸிலேட்டரைக் கூட்டினால் அதுவும் கூடும். பெட்டியைத் திறந்தால் கண் எரியும். “அண்ணாச்சி, டேப்பெட் அடிக்கு போல. கொஞ்சம் செட் பண்ணித் தாங்க” என்று வந்து நிற்பார்கள். டேப்பெட்டைத் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) தொடுமுன் எக்ஸாஸ்ட் பக்கம், அதாவது புகை வெளியேறும் பக்கம், டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) மேனிபோல்டும் சேரும் இடத்தில் விசிறி மாதிரிக் கரி படிந்திருந்தால் டேப்பெட் மேல் தப்பு இல்லை. பேக்கிங் போய்விட்டது.

கூட்டப்புளியில் தொடங்கி இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூடுதாழை வரை நம் நெல்லைக் கரையில் அவுட்போர்டு மாட்டிய பைபர் படகுகள்தான் அதிகம். இந்தக் கட்டுரை அவற்றுக்கு இல்லை. உள்ளே டீசல் இன்ஜின் உட்கார்ந்திருக்கிற வள்ளங்களுக்கும், அந்த வேலையைப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், மிச்சத்தைச் சொல்லித் தருகிறேன்.

முதலில், அது ஏன் போகிறது?

ஒவ்வொரு சிலிண்டரின் புகையும் ஹெட்டில் உள்ள ஓட்டை வழியே வெளியே வரும். அவற்றை ஒன்று சேர்த்துப் புகைக்குழாய்க்கு அனுப்புவது மேனிபோல்டு. ஹெட்டுக்கும் மேனிபோல்டுக்கும் நடுவே இருப்பதுதான் எக்ஸாஸ்ட் பேக்கிங். மேனிபோல்டுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே, பிளாஞ்சில் (குழாய் முனையில் நட்டு போடும் தட்டை விளிம்பு), இன்னொரு பேக்கிங் உண்டு. மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும்.

இரண்டடி நீளமுள்ள வார்ப்பிரும்பு 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும். மேனிபோல்டு அப்படி நீளும்போது, தண்ணீரால் குளிர்ந்து நிற்கிற ஹெட் அந்த அளவுக்கு நீளாது. ஆகவே ஒவ்வொரு முறை கடலுக்குப் போய்த் திரும்பும்போதும் மேனிபோல்டு பேக்கிங்கின் மேல் அரைத்துக்கொண்டு நீண்டு சுருங்குகிறது. இரண்டு கோடியிலும்தான் இந்த அசைவு அதிகம். அதனால் கோடி சிலிண்டர்களில்தான் கசிவு முதலில் வரும், கோடி ஸ்டட்டுகள்தான் (நட்டு மாட்டும் மரைக் கம்பிகள்) முதலில் ஒடியும். மேனிபோல்டில் ஸ்டட் ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருப்பதைப் பார்த்து ‘தேய்ந்துவிட்டது’ என்று புஷ் அடித்து இறுக்கிவிடாதீர்கள். நீள்வதற்காக விட்ட இடம் அது.

இதை ‘கொஞ்சம் புகைதானே’ என்று விட்டுவைக்கக் கூடாது. சக்தி குறையும், டீசல் கூடுதலாகக் குடிக்கும் என்பதெல்லாம் சின்ன விஷயம். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. கடலிலேயே இரவு தங்கும் தங்கலுக்குப் போய் இன்ஜின் ஓட ஓட மூடிய அறையில் படுப்பவருக்குத் தலைவலி, குமட்டல் என்று தொடங்கும், பிறகு எழுந்திருக்க முடியாமலே போகலாம். இன்னொன்று தீ. கசிகிற இடத்துக்குப் பக்கத்தில் டீசல் பைப் போகிறதா, பலகை கறுத்திருக்கிறதா, பைபர் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஏதாவது இருந்தால் சரிசெய்யும்வரை வள்ளத்தை இறக்க வேண்டாம்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது

இன்ஜின் முழுக்க ஆறிய காலையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆறியிருக்கும்போது இடைவெளி பெரிது, சத்தம் பளிச்சென்று கேட்கும். சூடேறினால் இரும்பு நீண்டு இடைவெளி கொஞ்சம் அடைபடும், சத்தமும் அமுங்கும். ‘சூடானா சரியாயிருது’ என்று ஆறு மாதம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித்தான் ஹெட்டின் முகமே அரித்துப் போகிறது.

மூன்றடி ரப்பர் டியூப்பின் ஒரு முனையைக் காதருகே வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வொரு ஜாயின்ட் பக்கமும் நகர்த்துங்கள். கசிகிற இடத்தில் காதுக்குள்ளேயே அடிக்கிற மாதிரி கேட்கும். பெல்ட் பக்கமும் சூடான இரும்பின் மேலும் டியூப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வெற்றிலைச் சுண்ணாம்பு. தொழில் கற்றுக்கொடுத்தவர் மடியில் எப்போதும் வெற்றிலைப் பை இருக்கும். டப்பாவிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பை வழித்துத் தண்ணீரில் கரைப்பார். ஆறிய இன்ஜினில் ஜாயின்ட் ஓரம் முழுக்கக் கரியைத் துடைத்துவிட்டு அதை மெலிதாகப் பூசிக் காயவிடுவார். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் வெள்ளைப் பட்டையில் கசிகிற இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். எந்த சிலிண்டர், மேலா கீழா என்றெல்லாம் அதுவே சொல்லிவிடும். அலுமினிய ஹெட் என்றால் வேலை முடிந்ததும் சுண்ணாம்பைக் கழுவிவிட வேண்டும், அலுமினியத்தை அது தின்னும்.

ஒரு எச்சரிக்கை. இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செம்பு வாசர் கசிந்தாலும் இதே ‘டிக்கு டிக்கு’தான். மேனிபோல்டைக் கழற்றுமுன் இன்ஜெக்டர் அடியில் கொஞ்சம் டீசல் விட்டு ஓட்டிப் பாருங்கள். டீசலில் குமிழி விட்டால் வேலை அங்கேதான், மேனிபோல்டுக்குப் போக வேண்டாம்.

தண்ணீர் ஓடும் மேனிபோல்டா, உலர்ந்ததா?

புகைக்குழாயிலிருந்து புகையோடு தண்ணீரும் துப்புகிறதா என்று பாருங்கள். துப்பினால் கடல் தண்ணீரைப் புகையோடு கலந்துவிடும் ஏற்பாடு. சில இன்ஜின்களில் மேனிபோல்டின் சுவருக்குள்ளேயே தண்ணீர் சுற்றும். அந்த வகையில் பேக்கிங்கோ சுவரோ போனால் புகை வெளியே வருவதோடு நிற்காது, தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் இறங்கலாம். தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் செல்ஃப் (ஸ்டார்ட்டர்) அடித்தால் கனெக்டிங் ராடு வளையலாம். காலையில் இன்ஜின் ‘டொக்’ என்று ஒரே இடத்தில் நின்றால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, கையால் பிளைவீலைச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

வாங்க வேண்டியவை

கழற்றுமுன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிப் போட்டுவிட்டு நாகர்கோவிலுக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏறினால் அன்றைய நாள் போச்சு, மறுநாள் மீன்பாடும் போச்சு. கடையில் ‘லேலண்டு’ என்றோ ‘கிர்லோஸ்கர்’ என்றோ மட்டும் சொன்னால் போதாது. இன்ஜினில் அடித்திருக்கும் தகட்டைப் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். மேனிபோல்டு பேக்கிங், பிளாஞ்ச் பேக்கிங், எல்லா நட்டும் புதிது, ஸ்டட் கூடுதலாக இரண்டு, துரு இளக்கும் ஸ்பிரே ஒன்று, சூட்டுக்குத் தாங்கும் செம்பு கிரீஸ் ஒரு சின்ன டப்பா.

ஷீட் வாங்கிச் சுத்தியலால் தட்டி வெட்டிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. தண்ணீர் பம்புக்கும் ஆயில் சம்புக்கும் அது சரி. எக்ஸாஸ்டுக்கு வேண்டாம். முழு லோடில் டீசல் இன்ஜின் புகை 400 டிகிரிக்கு மேல் போகும், சாதாரண ஷீட் அதில் கரியாகிவிடும். சிவப்பு சிலிகான் பசையும் அப்படித்தான். டியூப்பில் ‘அதிக வெப்பம் தாங்கும்’ என்று போட்டிருந்தாலும் அது 300 டிகிரிப் பக்கம்தான். பேக்கிங்கின் மேல் அதைத் தடவினால் சில நாளில் எரிந்துபோய், அந்தக் கனத்துக்கு இடைவெளி விட்டுப் போகும். இரும்புத் தகடும் கிராபைட்டும் சேர்ந்த பேக்கிங்கை உலர்வாகவே போடுங்கள்.

கழற்றுவது

முதல் நாள் சாயங்காலமே எல்லா நட்டிலும் ஸ்பிரே அடித்து விடுங்கள். இன்னொரு முறை படுக்கப் போகுமுன். உப்புக் காற்றில் நின்ற நட்டுக்கு ஒரு ராத்திரி ஊறல் தேவை. அவசரத்தில் மறந்து அன்றைக்கே ஸ்பேனரைப் போட்டால் ஸ்டட் ஒடிந்து, ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆகும்.

மறுநாள் இன்ஜின் கைவைக்கும் அளவுக்கு ஆறியிருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். கடல் தண்ணீர் வால்வை மூடுங்கள். மேனிபோல்டில் தண்ணீர் ஓடினால் வடித்துவிடுங்கள். புகைக்குழாயில் சுற்றியிருக்கும் கயிற்றிலும் பழைய பேக்கிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்வாகப் பிய்க்காதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். முகத்துக்குத் துண்டு போதாது, நல்ல மாஸ்க் வேண்டும்.

முதலில் பிளாஞ்ச். அதன் நட்டுகளைக் கழற்றும்போது ஒரு விஷயத்தைக் கண்ணை எடுக்காமல் கவனியுங்கள்: கடைசி நட்டு விடும் நேரத்தில் புகைக்குழாய் எந்தப் பக்கம் துள்ளுகிறது? அசையாமல் அப்படியே நின்றால் நல்லது. ‘தங்’ என்று கீழே இறங்கினாலோ பக்கவாட்டில் விலகினாலோ, பேக்கிங்கைக் கொன்ற ஆள் அங்கேதான் நிற்கிறார்.

இது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வள்ளத்துக்கு ஒரே சீசனில் மூன்று முறை பேக்கிங் மாற்றினேன். மூன்றும் நல்ல பேக்கிங், முறையாக இறுக்கியதுதான். மூன்றாவது முறை வள்ளக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நீ மாத்துற பேக்கிங் காசுல நான் இன்னொரு வலையே வாங்கியிருப்பேம்ல” என்றார். நான்காவது முறை கழற்றும்போதுதான் குழாய் இரண்டு விரல் கனம் கீழே இறங்குவதைப் பார்த்தேன். அதைத் தாங்கியிருந்த இரும்புப் பட்டை எப்போதோ துருப்பிடித்து அறுந்துபோயிருக்கிறது. குழாய், சைலன்சர் எல்லாவற்றின் கனமும் மேனிபோல்டின் கழுத்தில் தொங்கியிருக்கிறது. அலையில் வள்ளம் குதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கனம் பேக்கிங்கைப் பிரித்து ஆட்டியிருக்கிறது. புதுப் பட்டை ஒன்று வெல்டு வைத்த பிறகு அந்த வேலைக்கு நான் திரும்பப் போகவே இல்லை.

பிறகு மேனிபோல்டு நட்டுகள். ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் போடுங்கள், பன்னிரண்டு முனை ரிங் துருப்பிடித்த நட்டை வழித்துவிடும். முதலில் கழற்றும் பக்கம் திருகாமல், மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் அசைத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள். துரு ‘கிரீச்’ என்று விடும். கால் சுற்று கழற்றி, மறுபடி உள்ளே விட்டு, ஸ்பிரே, மறுபடி வெளியே. பொறுமை வேண்டும். இரண்டு கோடியிலிருந்து நடுவை நோக்கி வாருங்கள். மேலே இருக்கும் ஒரு நட்டை மட்டும் முழுக்கக் கழற்றாமல் நுனியில் விட்டுவையுங்கள். வார்ப்பிரும்பு மேனிபோல்டு கனமானது, கால் மேல் விழுந்தால் விரல் போய்விடும். கையாள் ஒருவர் தாங்கிப் பிடித்த பிறகு கடைசி நட்டை எடுங்கள்.

ஸ்டட் ஒடிந்துவிட்டால்? வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டு அடித்து, சூடு இருக்கும்போதே மெல்லத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். வெல்டு வைக்குமுன் பேட்டரி ஒயர்கள் இரண்டையும் கழற்றி, டீசல் லைனை ஈரச் சாக்கால் மூடி, பக்கத்தில் தண்ணீர் வாளி ஒன்றும் தீயணைப்பானும் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டோடு ஒட்ட ஒடிந்திருந்தால் நேர் நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து டிரில் போட வேண்டும். புதியவர்கள் அதைச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். டிரில் சாய்ந்தால் ஹெட்டில் தண்ணீர் ஓடும் அறை ஓட்டையாகும். வள்ளியூரிலோ நாகர்கோவிலிலோ லேத் பட்டறை ஆளைக் கூட்டி வருவது மலிவு.

முகத்தைச் சுத்தம் செய்வது

வேலையில் பாதி இதுதான். முதலில் ஹெட் ஓட்டைகளில் துணி திணியுங்கள். எத்தனை துணி என்று எண்ணிக்கொள்ளுங்கள், திரும்ப எடுக்கும்போதும் எண்ணுங்கள். மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கடற்கரை மணலில் கார்னெட் கலந்திருக்கிறது. உப்புத்தாளில் ஒட்டுகிற கல்லும் அதுதான். ஒரு சிட்டிகை வால்வு வழியாக உள்ளே போனால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனி ஆடியில் கச்சான் காற்று தூக்கி எறிகிற நாளில் வள்ளத்தைக் கரையில் ஏற்றி இந்த வேலையைத் திறக்காதீர்கள். திறந்தே ஆக வேண்டும் என்றால் காற்றடிக்கும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள்.

ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை நனைத்து, தட்டையான ஸ்கிரேப்பரைப் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். நிமிர்த்திக் குத்தினால் கோடு விழும், அந்தக் கோட்டில் புகை வழி கண்டுபிடிக்கும். கிரைண்டரில் எமரி வட்டை மாட்டித் தேய்ப்பவர்களும் உண்டு. பளபளவென்று ஆகும், ஆனால் முகம் குழிவிழும்.

பிறகு மேனிபோல்டைக் கவிழ்த்து அதன் முகத்தின் மேல் நேரான ஸ்டீல் பட்டையை நீளவாக்கில் நிறுத்தி, அடியில் பில்லர் கேஜை (கனம் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) விட்டுப் பாருங்கள். என் கணக்குக்கு 0.2 மி.மீ. தகடு எந்த இடத்திலாவது நுழைந்தால் மேனிபோல்டு பட்டறைக்குப் போக வேண்டும், எல்லா முகத்தையும் ஒரே மட்டத்தில் அரைத்துத் தருவார்கள். இன்ஜின் புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சட்டம். வளைந்த மேனிபோல்டை நட்டை இறுக்கி நிமிர்த்தப் பார்த்தால் நட்டு உட்காரும் காது உடையும். வெடிப்பும் பாருங்கள்: முகத்தில் டீசல் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பூசினால், வெடிப்பு இருக்கும் இடத்தில் டீசல் ஊறிக் கோடாகத் தெரியும்.

ஸ்டட்டுகளின் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, புது நட்டைக் கையாலேயே கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். கையால் ஓடாத இடத்தில் ஸ்பேனர் காட்டும் இறுக்கம் பொய்யான இறுக்கம். நுனி மெலிந்துபோன ஸ்டட்டை இப்போதே மாற்றிவிடுங்கள்.

மாட்டுவது

பேக்கிங்கை ஸ்டட்டில் கோர்த்து ஓட்டைக்கு ஓட்டை சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். புகை வழியில் பேக்கிங் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் அது வேறு மாடல், அது எரிந்து போகும். ஒரு பக்கம் தகடு, மறு பக்கம் மெத்து என்றிருந்தால் எது எந்தப் பக்கம் என்பது பேக்கிங்கிலோ உறையிலோ இருக்கும். துணிகளை எண்ணி எடுங்கள். மரையில் செம்பு கிரீஸ் கொஞ்சம், பேக்கிங்கில் படாமல்.

மேனிபோல்டை ஏற்றி எல்லா நட்டையும் கையால் ஓட்டுங்கள். புகைக்குழாயை இப்போதே பிளாஞ்சில் தளர்வாகக் கோர்த்துவிடுங்கள். மேனிபோல்டு நட்டை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறிக் கோடிவரை போங்கள். மூன்று சுற்று: முதல் சுற்றில் ஒட்டும்படி, இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் முழு இறுக்கம். புத்தகம் கையில் இல்லாவிட்டால், 8 மி.மீ. ஸ்டட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ.க்குச் சுமார் 45 என்பது பொதுவாக ஒத்துவரும்.

டார்க் ரெஞ்ச் இல்லையா? 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் பத்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் அது ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர். ஒரு தடவை கட்டில் காலில் ஸ்பேனரைக் கட்டிப் பையைத் தூக்கிப் பாருங்கள், கை அந்தக் கனத்தை மறக்காது. நம் ஆட்கள் ஸ்பேனருக்குப் பைப் போட்டு மிதிக்கிறதில் பாதிகூட அது இல்லை. கூடுதலாக இறுக்கினால் கூடுதலாகப் பிடிக்கும் என்பது இங்கே செல்லாது. ஸ்டட் நீண்டு, சூட்டில் தளர்ந்துவிடும்.

மேனிபோல்டு உட்கார்ந்த பிறகு பிளாஞ்ச். குழாய் கையால் தள்ளாமல் தானாக வந்து முகத்தோடு முகம் சேர வேண்டும். சேராவிட்டால் தாங்கும் பட்டையைச் சரிசெய்யுங்கள், நட்டை இறுக்கி இழுக்காதீர்கள். பட்டை குழாயை இன்ஜினோடு சேர்த்தே பிடித்திருக்கட்டும். இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும்போது குழாயை வள்ளத்தின் பலகையில் விறைப்பாகக் கட்டினால், இடையில் வளையும் குழாய்த்துண்டு (பெல்லோஸ்) ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

தண்ணீர் வடித்திருந்தால் நிரப்புங்கள். கடல் வால்வைத் திறங்கள், இதை மறந்து பம்பின் ரப்பரை எரித்தவர்கள் ஏராளம். பேட்டரியை மாட்டுங்கள். புகையோடு தண்ணீர் கலக்கும் இன்ஜினில் செல்ஃபை நீளமாக அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். புகையின் வேகம் இல்லாமல் பம்ப் தள்ளும் தண்ணீர் சைலன்சரில் நிரம்பி இன்ஜினுக்கே திரும்பும். இரண்டு மூன்று தடவையில் எடுக்காவிட்டால் வால்வை மூடிவிட்டு, டீசல் லைனில் ஏர் இருக்கிறதா பாருங்கள். எடுத்த உடனே வால்வைத் திறங்கள்.

முதல் சில நிமிடம் கிரீஸும் கைப்பட்ட ஆயிலும் எரிந்து புகை வரும், பயப்பட வேண்டாம். கால் மணி நேரம் ஐடிலில், பிறகு கொஞ்சம் கூட்டி. அந்த ரப்பர் டியூப்பை வைத்து மறுபடி கேளுங்கள். நிறுத்தி முழுக்க ஆறவிட்டு, அதே வரிசையில் நட்டுகளை அதே அளவுக்கு ஒரு முறை சரிபாருங்கள், ஒன்றிரண்டு நிச்சயம் கொஞ்சம் போகும். மறு இறுக்கம் வேண்டாம் என்று புத்தகம் சொல்லும் பேக்கிங் என்றால் மட்டும் விட்டுவிடலாம்.

அப்புறம் ஜாயின்ட் ஓரத்தில் சுண்ணாம்பைப் பூசிவிட்டு ஒரு நடை கடலுக்குப் போய் வாருங்கள். திரும்பி வந்து பெட்டியைத் திறக்கும்போது பட்டை வெள்ளையாகவே இருந்தால், துடைத்துவிட்டு வலையை ஏற்றலாம்.